பல்லும் ஓர் அமானிதமே

கடல் கடந்து பொருளீட்டச் சென்றோர், வீட்டாரிடம் சொல்லாமல் மறைக்கும் துன்பங்களுள் பல்வலியும் ஒன்று. நாமும் மறைத்தோம்.

துபாயில் ஒரு பள்ளியில் அரபு கற்பித்து வந்த காலம். கடைவாய்ப் பல்லொன்றில் சொத்தை கண்டது. அந்நகரில் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஆயினும் எம்மிடமிருந்த அடிப்படைத் திட்ட அட்டை, அவசர நிலையிலன்றிப் பல்லுக்கு உதவாது என்றனர். வேர் சிகிச்சைக்குச் சொன்ன திர்ஹத்தை ரூபாயாக்கிப் பார்த்தோம். மகளின் கல்லூரிக் கட்டணம் கண்முன் நின்றது. விடுப்பில் ஊர் சென்று பார்த்துக்கொள்வோம் எனத் திரும்பினோம். கிராம்புத் தைலமும் மாத்திரையுமாகப் பதினான்கு திங்கள் கழிந்தன. இடையில் வலி தானே நின்றது. குணமாயிற்று என்று மகிழ்ந்தோம்.

திருச்சி வந்திறங்கிய மூன்றாம் நாள் கன்னம் வீங்கிற்று. காவிரிப் பாலம் கடந்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு பல் மருத்துவரிடம் சென்றோம். எம் மகள் வயதுடைய அப்பெண்மணி எக்ஸ்ரே படத்தைக் காட்டி, "ஐயா, பல் குணமானதால் வலி நிற்கவில்லை, உள்ளே நரம்பு செத்ததால் நின்றது. கிருமி எலும்பு வரை இறங்கிவிட்டது" என்றார். பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. செயற்கை வேர் பொருத்தலாமா என வினவினோம். "அது எலும்போடு இறுகவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். உங்களுக்கு எத்தனை நாள் லீவு?" என்றார். முப்பது நாள் என்று சொல்ல நாணினோம்.

ஆண்டுதோறும் மாணவர்க்கு மிஸ்வாக்கின் மாண்பை ஓதியவர் நாம். அராக் எனும் அம்மரமே குறுந்தொகையில் வரும் உகாய் என்று இருமொழிப் பெருமையும் பேசியதுண்டு. கி.பி. 1013-இல் மறைந்த குர்துபா மருத்துவர் அல்-ஸஹ்ராவி, பல்லில் படியும் காறையைச் சுரண்டும் கருவிகளை வரைந்து காட்டியதையும், ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறையை எழுதியதையும் விரித்துரைத்தோம். எம் வாயிலிருந்த அமானிதத்தை மட்டும் மறந்தோம்.

அன்றிரவு இல்லாளிடம் யாவற்றையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நானும் இரண்டு வருஷமா ஒரு பக்கமாத்தாங்க மெல்லுறேன். நீங்க கஷ்டப்பட்டு அனுப்புற பணத்தை என் பல்லுக்குச் செலவழிக்க மனசு வரலை" என்றார்.

ஒருவருக்காக ஒருவர் சிக்கனம் செய்வதாய் எண்ணி, இருவருமே இறைவன் தந்ததைச் சிதைத்துக்கொண்டிருந்தோம்! மறுநாள் இருவருமாய்ப் பாலம் கடந்தோம். அவருடைய பல் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பயணம் புறப்படும் சகோதரர்களே, பெட்டி கட்டுமுன் ஒருமுறை பற்களைக் காட்டிச் செல்லுங்கள். விடுப்பில் வந்தால் முதல் வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். விருந்துகள் காத்திருக்கும், சொத்தை காத்திராது. வலித்தால் வீட்டிற்குச் சொல்லுங்கள். வீட்டிலிருப்போர்க்கும் வலிக்கிறதா என்று கேளுங்கள்.