பெட்ரோல் லாரியும் என் அப்பாவும்



அறுபதுகளில் கூத்தாநல்லூர் ரைஸ்மில் ஒன்றில் அப்பா பழைய பெட்போர்டு பெட்ரோல் லாரி ஓட்டினார். நாகப்பட்டினத்துக்கு மூட்டை ஏற்றிப் போய்வந்தால் டேங்க் காலி. "பெட்ரோலை வித்துட்டியா?" என்று முதலாளி எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் வேலைக்கும் போகவில்லை.

"டீசல் எஞ்சினுக்கு ஏன் ஸ்பார்க் பிளக் இல்லை சார்?" என்று உங்களில் ஒருவன் பின்னாளில் கேட்டான். அதற்காகப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அக்காலப் பெட்ரோல் எஞ்சின் 6, 7 மடங்குதான் அழுத்தும். டீசல் சுமார் 16 மடங்கு அழுத்தும், அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அதே சுமைக்குப் பெட்ரோல் கூடுதலாகத்தான் ஆகும். 1954-ல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் லாரி வந்தபின் பெட்ரோல் லாரிகள் மெல்ல ஒதுங்கின.

ஆனாலும் இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, கரிவாயுவில் பஸ் ஓடியது தீப்பொறி எஞ்சினால்தான். இன்றைய சி.என்.ஜி. லாரியும் அந்த வழிதான்.

எஞ்சினுக்கு வந்த கெட்ட பெயர் பாதி நியாயம். அப்பாவுக்கு வந்தது முழு அநியாயம். பிள்ளைகளே, ஒருவரைத் திருடன் என்பதற்கு முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.