முகமில்லாத முதுகு

பத்திக் வேலையில் அழிப்பான் கிடையாது. உருக்கிய மெழுகு துணியில் விழுந்துவிட்டால் விழுந்ததுதான். இராசிபுரத்தருகே ஒரு பள்ளியில் அதைக் கற்பிக்கச் சென்ற நாங்கள் இருவரும் முதல்நாளே மாணவர்களிடம் இதைச் சொன்னோம். பிறகு நாங்களே மறந்தோம்.

பிள்ளைகள் நடிகர்களின் முகங்களைப் பென்சிலால் வரைந்து வந்தனர். அடுப்பிலிருந்து துணிக்கு வருவதற்குள் தூரிகையில் மெழுகு இறுகத் தொடங்கிவிடும். கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திட்டு, மூக்கும் உதடும் சேர்ந்து இன்னொரு திட்டு. சலித்துப் போனார்கள். அருவ உருவம் என்று நாங்கள் விளக்கியது எவருக்கும் எட்டவில்லை. நாமக்கல் மலைக்கு அழைத்துச் சென்று, நரசிம்மர் குடைவரையில் திரிவிக்கிரமனைக் காட்டினோம். முகத்தை விட்டுவிட்டு, தூக்கிய காலின் வீச்சை மட்டும் பார்க்கச் சொன்னோம். வெளியே வந்ததும் மண்ணில் குச்சியால் ஆளுக்கொரு கோடு இழுத்தார்கள். அன்றுதான் வகுப்பு தொடங்கியது எனலாம்.

1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலத்தை அமைத்தபோது, பத்திக் துணிகளை விற்ற பணம் அவர்களுக்குப் பெருந்துணையாய் இருந்தது. பிழைப்புக்குப் பத்திக், தமக்கென ஓவியம். எங்கள் மாணவர்களுக்கு அந்தப் பிரிவினை தேவைப்படவில்லை. தறியும் சாயமும் வீட்டிலேயே இருந்தன.

தறிக்குத் தார் சுற்றும் தன் அம்மாவை ஒரு மாணவி வரைந்தாள். இரண்டே வளைவுகள்: குனிந்த முதுகு, நீண்ட கை. கழுத்து இல்லையே என்று எண்ணி, உதவி செய்வதாக நினைத்து, மெழுகில் ஒரு கோடு சேர்த்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சளில் முக்கி எடுத்தபோது எங்கள் கோடுதான் வெள்ளை வெளேரென்று முன்னால் நின்றது. கற்பிப்பவர் கை அடங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு வேறெதுவும் அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

மறுநாள், கருநீலத்தில் முக்குவதற்குமுன், அவள் அந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள். துணியை அங்கே மட்டும் கசக்கினாள். வெடிப்புகளில் நீலம் புகுந்து, கோடு நரம்பு நரம்பாய்ச் சிதறி முதுகோடு கலந்துவிட்டது. நாங்கள் கற்பிக்காத வேலை அது.

மாலையில் அழைத்துப்போக வந்த அம்மா, துணியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முகம் எங்கே என்று கேட்கவில்லை.

"சாயம் போகுமாங்க?" என்றார்.

முதல் இரண்டு தடவை தனியாக அலசச் சொன்னோம்.