நித் நதிக்கரையிலே

ஸ்கொத்லாந்தின் தென்மேற்கே, நித் என்னும் நதியின் இருமருங்கிலும் அமைந்த பழம்பதி டம்பிரீஸ். கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் ஊரைக் காணப் புறப்படுவோர் கால்நடையாகவே செல்லுதல் வேண்டும் என்பது நமது கொள்கை. அதன்படியே கோடைகால நாளொன்றில் இந்நகரைச் சுற்றி வந்தோம்.

முதலில் நமது கருத்தைக் கவர்ந்தது டெவோர்கில்லா பாலம். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீமாட்டி ஒருவரின் பெயரை அது தாங்கி நின்றபோதிலும், இன்று காணும் கற்பாலம் 15ஆம் நூற்றாண்டில் எழுந்ததாகும். பின்னர் பெருவெள்ளத்தாற் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது. ஒருகாலத்தில் 9 வளைவுகள் இருந்தன. இன்று எஞ்சியவை 6. வண்டிகள் அதன்மேற் செல்வதில்லை. நடப்போருக்கே அது உரியது.

பாலத்துக்குச் சற்றுக் கீழே, ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணைக்கட்டு உண்டு. ஆலைகளை இயக்குதற்பொருட்டு 18ஆம் நூற்றாண்டில் அமைத்தது. வெண்ணுரை சிந்தி வழியும் அந்நீரைப் படமெடுக்காதார் அரியர். கடலின் வற்றுப் பெருக்கு இவ்வணை வரையில் எட்டுகின்றது. மலைநாட்டு மழையும் கடற்பெருக்கும் ஒருங்கே சேர்ந்தால், முன்னாளிற் கால்நடைச் சந்தை கூடிய வைற்சாண்ட்ஸ் என்னும் கரையோர வீதி நீரில் மூழ்கிவிடும். 2015 டிசம்பர் இறுதியிலும் அவ்வாறே நேர்ந்தது.

வெள்ளத்தைத் தடுக்கக் கரையை உயர்த்தும் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டபோது, ஊரவரிடையே பெரும் வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன. ஆற்றின் காட்சி மறைந்துவிடுமே என்பது ஒரு சாராரின் கவலை. கடையும் வீடும் நனையாதிருத்தல் வேண்டுமே என்பது மறுசாராரின் கவலை. இரண்டும் நியாயமானவையே.

கவிஞர் றொபேட் பேர்ண்ஸ் 1791இல் இவ்வூருக்குக் குடிவந்து, தீர்வை உத்தியோகத்தராய்ப் பணியாற்றி, 1796இல் தமது 37ஆம் வயதிற் காலமானார். சென் மைக்கேல் தேவாலய வளவிலுள்ள அவரது சமாதி மண்டபத்தையும் தரிசித்தோம். எளிய கல்லறையிற் கிடந்த அவர் உடலைப் பிற்காலத்திலேதான் அம்மண்டபத்துக்கு மாற்றினர். வாழுங்காலத்திற் கிட்டாத பெருமையை மறைந்தபின் வழங்குவது உலக இயல்பு போலும்!

மேற்குக்கரைக் குன்றின்மேல், பழைய காற்றாலைக் கோபுரமொன்றில் 1836இல் நிறுவிய 'கமரா ஒப்ஸ்கியூரா' உண்டு. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839ஆம் ஆண்டுக்கும் முந்தியது அது. இருட்டறையின் உச்சியிலுள்ள ஆடியும் வில்லையும், வெளியேயுள்ள ஊரின் உருவத்தைக் கீழேயுள்ள மேசைமீது வீழ்த்துகின்றன. அங்கே மனிதர் நடப்பர், மரங்கள் அசையும், எதுவும் பதிவாவதில்லை.

நமது கமராவோ ஒரு கணத்தை மட்டும் பிடித்து வைக்கின்றது. கோடையில் எடுத்த படத்தில் நித் நதி சாதுவாகவே தோன்றும். அதன் மாரிக்காலக் கோபத்தை அப்படம் உரையாது. பிறநாட்டுப் படங்களைப் பார்த்து மகிழும் மாணவர்கள் இதனை மனங்கொள்ளுதல் நன்று. அழகைக் காண்பதற்கு ஒருநாள் உலா போதும். அவ்வழகோடு வாழ்வோரின் பாட்டை அறிய, அவர்களைக் கேட்டே ஆகவேண்டும்.