அவருக்குச் சம்பளம் யாரு குடுத்தா?

கோவில்பட்டியிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் எங்கள் ஊர். வொர்க் ஃப்ரம் ஹோம் கிடைத்த மாதங்களில், சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைச் சேர்த்துவைத்து புத்தகம் வாசிப்பேன். முதல் நாள், “ஒரு விஞ்ஞானிய வரைங்க பாப்போம்” என்றேன். பதினாலு பேர் வரைந்தார்கள். பாதிப் படங்களில் வழுக்கைத் தலை, கண்ணாடி, புகை கிளம்பும் குடுவை. மூன்றில் அப்துல் கலாம். முடியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஒரு பெண்கூட இல்லை. வரைந்ததில் எட்டுப் பேர் பெண்பிள்ளைகள்.

இது எங்கள் ஊர்க் கோளாறு மட்டும் அல்ல. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் இதே மாதிரி 4,807 குழந்தைகளை வரையச் சொல்லி, முடிவை 1983இல் வெளியிட்டார். பெரும்பாலும் கனடாக் குழந்தைகள். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள்.

சரி, புத்தகம் இதை மாற்றும் என்று நம்பி, விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் கதைகளாக ஒரு பை நிறைய வாங்கிவந்தேன். மைக்கேல் ஃபாரடேயில் ஆரம்பித்தேன். கொல்லர் மகன். பைண்டிங் கடையில் வேலைக்குப் போன பையன். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே விஞ்ஞானியானவர். பசை, காகிதம், ஒட்டுவது என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “எங்க ஆச்சியும் தீப்பெட்டி ஒட்டுனாக” என்றான் ஒருவன். எனக்கு ஒரே பூரிப்பு. விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று நானும் நாலு வார்த்தை சேர்த்துப் புத்தகத்தை மூடினேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: “அண்ணே, அவருக்குச் சம்பளம் யாரு குடுத்தா?”

புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பிளஸ் டூ முடித்தபோது இதே கேள்வியை அப்பா என்னிடம் கேட்டார். இயற்பியல் படித்து விஞ்ஞானி ஆகப்போகிறேன் என்றேன். “சரிப்பா, யாரு சம்பளம் குடுப்பா?” என்றார். அவர் மறுக்கவில்லை, கேட்கத்தான் செய்தார். நான் படித்த புத்தகம் எதிலும் அதற்குப் பதில் இல்லை. இன்ஜினியரிங் சேர்ந்தேன். என் வேலையில் எனக்குக் குறையில்லை. ஆனால் பயந்துபோய் விட்டுவிட்டேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தது சரியில்லை. எனக்கு விவரம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை விவரத்தோடு போனேன். ஃபாரடே 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தானே பைண்ட் செய்து அவருக்கே அனுப்பினார். உடனே வேலை கிடைத்துவிடவில்லை. ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இருந்த உதவியாளர் அடிதடியில் இறங்கி வேலையிழந்த பிறகுதான் இடம் காலியானது. 1813இல் சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங், தங்க இடம். அவருக்கு வேதியியலில் ருசி உண்டாக்கியது ஜேன் மார்செட் என்ற பெண் எழுதிய புத்தகம். ஒரு டீச்சரும் இரண்டு பெண்பிள்ளைகளும் பேசிக்கொள்வதுபோல இருக்கும். முதல் பதிப்புகளில் மார்செட்டின் பெயர் கிடையாது. பிள்ளைகளுக்கு அடிதடிதான் ரொம்பப் பிடித்தது.

“இங்க யாரு அப்படி இருக்கா?” என்றது அதே பிள்ளை.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901லிருந்து இருக்கிறது. மழையை மட்டும் நம்பும் இந்தக் கரிசலுக்கு என்ன விதை தாங்கும் என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. என் தாத்தா விதைத்த கே 8 சோளத்திலும், கருங்கண்ணி வகையான கே 11 பருத்தியிலும் வருகிற ‘கே’ கோவில்பட்டிதான். இது எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். அந்த விதையை உண்டாக்கியவர்களும் விஞ்ஞானிகள்தான். குடுவையும் புகையும் இல்லாமல், வெயிலில் நின்று கதிரை எண்ணி நோட்டில் எழுதியவர்கள்.

வழியையும் போர்டில் எழுதிப்போட்டேன். விவசாயம் என்றால் கிள்ளிகுளத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. நாலு வருஷப் பட்டப்படிப்பு, பிறகு முதுகலை, முனைவர் பட்டம். இயற்பியல், வேதியியல் என்றால் எம்.எஸ்ஸி.யோடு நெட் பரீட்சை, அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போதே உதவித்தொகை. 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய். போட்டி கடுமை, வருஷங்கள் நிறைய ஆகும், முடித்ததும் வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே எழுதினேன். கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இவ்வளவு இருந்தால் போதும். அப்பா கேட்கும்போது பிள்ளை அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிடும்.

கிளம்பும்முன் மறுபடியும் வரையச் சொன்னேன். பத்துப் பேர் குடுவையைத்தான் வரைந்தார்கள். அந்தப் பிள்ளையின் தாளில் சோளக்காடு. நடுவே சேலை கட்டிய ஒரு பெண், கையில் நோட்டு, வரப்பில் தூக்குவாளி. படத்தை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டது:

“அண்ணே, அந்த நெட் பரீட்சைக்கு பீஸ் எம்புட்டு?”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.