கொடை ரோட்டில் இறங்கும் குடும்பங்களுக்கு

சென்னையிலிருந்து வரும் பாண்டியன் விரைவு வண்டி, கிழக்கு வெளுக்கும் முன்பே கொடை ரோடு நிலையத்தை அடைந்துவிடும். அங்கே அது நிற்பது ஓரிரு நிமிடங்களே. அதற்குள் பெட்டி படுக்கைகளையும், தூக்கம் கலையாத பிள்ளைகளையும் இறக்கியாக வேண்டும். ஆதலால் எத்தனை உருப்படி என்று முதல்நாள் இரவே எண்ணி வைத்துக்கொள்வது நலம். நாங்கள் ஒருமுறை பிள்ளையின் செருப்பை வண்டியோடு மதுரைக்கு அனுப்பி வைத்தோம்.

ஊரின் பெயர் அம்மையநாயக்கனூர். மலைக்குப் போவோர் இறங்கும் இடம் என்பதால் நிலையத்திற்குக் கொடைக்கானல் ரோடு என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் ஊரே கொடை ரோடு ஆயிற்று. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், நடுவே திராட்சைத் தோட்டங்களும் பூந்தோட்டங்களுமாகக் கிடக்கும் சமவெளி. என் தாயார் வாழ்வது இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஒரு சிற்றூரில். வாசலில் நின்றால் மலை தெரியும்.

2022ஆம் ஆண்டு மே மாதம் நாங்கள் முதன்முறையாகப் பிள்ளைகளோடு கொடைக்கானல் சென்றோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. ரயிலை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக வாடகை வண்டியில் ஏறினோம். ஒரே நாளில் பன்னிரண்டு இடங்களைக் காட்டி இரவுக்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதாக ஏற்பாடு. “அப்பத்தாவும் வரட்டுமே” என்றாள் மகள். தாயாருக்கு அலைச்சல் ஆகாது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அன்று நடந்ததை விரித்துரைக்க விருப்பமில்லை. டம்டம் பாறையை எட்டுமுன் மகன் மூன்று முறை வாந்தியெடுத்தான். கோடைக் கூட்டத்தில் வண்டிகள் ஊர்ந்தன. தூண் பாறையைக் காணச் சென்றபோது மூடுபனி இறங்கிவிட்டது. நானூறு அடி உயரப் பாறைகள் இருந்த இடத்தில் வெண்திரை மட்டுமே தெரிந்தது. பாக்கியிருக்கும் இடங்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். இரவு வீடு திரும்பியதும் தாயார் பேத்தியிடம், “மலையிலே என்னம்மா பார்த்தே?” என்று கேட்டார். “வண்டிக்குள்ளேயே இருந்தோம் அப்பத்தா” என்றாள் அவள்.

பிள்ளைகள் உறங்கிய பிறகு தாயார் மெல்லச் சொன்னார்: “நான் இந்த மலையைப் பார்த்துக்கிட்டே கிழவியாயிட்டேன். மேலே ஒரு தடவை கூடப் போனதில்லைப்பா.” எனக்கு நாற்பது வயதாகியும் தெரியாதிருந்த செய்தி அது. அவர் கேட்கவுமில்லை, நான் விசாரிக்கவுமில்லை.

அதன்பின்தான் அந்த மலையூரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளின் குடும்பங்களில் காலராவும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. எஞ்சியவர்களைக் காப்பாற்றக் குளிர்ந்த இடம் தேடி மலையேறி, 1845இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஊருக்கு அதுவே தொடக்கம். ஏரி பிறகு வந்தது. மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863இல் அதை உண்டாக்கினார். ஆக, வேடிக்கைக்காக ஏற்பட்ட ஊரன்று அது. பிள்ளைகுட்டிகளோடு உயிர் பிழைக்க வந்தவர்கள் உண்டாக்கிய ஊர்.

1875இல் திருச்சி–மதுரை ரயில்பாதை திறந்த பின்னரும் பயணம் எளிதாகிவிடவில்லை. அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, பெரியகுளத்திற்கு அருகிலுள்ள மலையடிவாரமாகிய கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைவார்கள். அங்கிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு மைல் ஒற்றையடிப் பாதை. நடக்க முடிந்தவர் நடப்பர், வசதியுள்ளோர் குதிரையேறுவர், பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் வைத்துக் கூலியாட்கள் சுமந்து செல்வர். மோட்டார் வண்டிகள் ஏறத்தக்க மலைச்சாலை 1916 வாக்கில்தான் முழுமை பெற்றது. அத்தனை மெதுவாகப் போனவர்கள், போன இடத்தில் வாரக்கணக்கில் தங்கினார்கள். நாமோ மூன்று மணி நேரத்தில் ஏறி, அன்றைக்கே இறங்கிவிடப் பார்க்கிறோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஐரோப்பாவில் வாழும் உறவினர் ஒருவர் பத்து நாள் விடுமுறையில் ரோமாபுரி, பாதுவா, லூர்து, பாரிஸ் என்று நான்கு ஊர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் களைத்துத் திரும்பினார். மறு ஆண்டு ஒரே ஊரில், பூங்காவுக்கு எதிரே அறை எடுத்து ஆறு நாள் தங்கியதாக எழுதியிருந்தார். எனக்குத் துணிவு தந்தது அந்தக் கடிதமே.

2024 செப்டம்பரில், காலாண்டுத் தேர்வு விடுமுறையில், மறுபடியும் புறப்பட்டோம். இம்முறை தாயாரும் உடன் வந்தார். ரயிலை விட்டு இறங்கியதும் மலையேறவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் தாயார் வீட்டிலேயே தங்கிப் பிள்ளைகளைத் தூங்கவிட்டோம். மறுநாள் காலை இட்லியை அளவாகத் தின்னச் செய்து, ஒரு மணி நேரம் கழித்தே வண்டியேறினோம்.

மலைப்பாதையில் பிள்ளைகள் வாந்தியெடுப்பதற்கு வயிற்றைக் காட்டிலும் காதே முதற்காரணம். வண்டி வளைந்து திரும்புவதை உட்செவி உணர்கிறது. தாழ்வான இருக்கையிலிருக்கும் பிள்ளையின் கண்ணோ வெளியே எதையும் காணாமல், எல்லாம் அசையாதிருப்பதாகச் சொல்லுகிறது. இரண்டும் முரண்படுவதால் மூளை குழம்பிக் குமட்டல் உண்டாகிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை இத்தொல்லை மிகுதி. பிள்ளையை வெளியே தூரத்தைப் பார்க்கும்படி உட்கார வைத்து, கையிலுள்ள படப்புத்தகத்தையும் கைப்பேசியையும் வாங்கி வைத்துவிட வேண்டும். மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் மேலான மருந்து, நின்று நின்று போவது.

கொடை ரோட்டிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 80 கிலோ மீட்டர். நிலக்கோட்டையில் பூ வாங்க நின்றோம். வத்தலக்குண்டில் தேநீர் அருந்தினோம். சுப்பிரமணிய சிவாவும், ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமையரும் பிறந்த ஊர் அது. காட்ரோட்டைத் தாண்டி ஏற்றம் தொடங்கியபின் அரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொன்னோம். உண்மையில் நிறுத்தச் சொன்னவர் தாயார். அவருக்குக் கால் மரத்துப்போகும். அவருக்கு இளைப்பாற வேண்டிய நேரமும் நான்கு வயது மகனுக்கு இறங்கி ஓட வேண்டிய நேரமும் ஒன்றாகவே இருந்தன. வெள்ளி அருவியருகே பாட்டியும் பேரனும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு குரங்குகளை எண்ணினார்கள்.

ஏரிக்கு நடந்து போகும் தூரத்தில் தங்கினோம். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், நடுவே பகல் தூக்கம் என்று இரண்டு இரவுகள் கழிந்தன. ஏரியைச் சுற்றிவர ஐந்து கிலோ மீட்டர். நாங்கள் அரைக் கிலோ மீட்டர் நடந்துவிட்டு, ஒருமுறை படகேறினோம். பிரயண்ட் பூங்காவில் பிள்ளைகள் பூக்களை விட்டுவிட்டுப் புல்தரையில் உருண்டார்கள். பன்னிரண்டு இடங்களில் நாங்கள் பார்த்தவை நான்குதான். பிற்பகலில் மூடுபனி வந்து மூடிக்கொள்வது அங்கே வழக்கம். ஆகையால் தூண் பாறை போன்ற காட்சிகளுக்குக் காலை வேளையே உகந்தது. சமவெளியைவிடப் பத்துப் பன்னிரண்டு பாகை குளிர் கூடுதல் என்பதால் காதை மூடும் குல்லாய் அவசியம்.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் பற்றிப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்க. அரசுப் பேருந்துக்கு அது வேண்டியதில்லை. சிறு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மலையில் தடையுண்டு. வீட்டுத் தூக்குப் பாத்திரமே போதும்.

சலேத் மாதா ஆலயத்திற்கு ஒரு காலை சென்றோம். பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குருவானவர் சேன் சீர் சுவாமிகள் 1860களில் எழுப்பிய கோவில் இது. ஆகஸ்டு 14, 15 திருநாட்களில் இங்கே நிற்க இடமிராது. அன்று எங்களையன்றி நான்கைந்து பேரே இருந்தனர். 1846இல் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்னும் இரு சிறுவர்க்கு மாதா காட்சி கொடுத்த வரலாற்றைத் தாயார் பேத்திக்குச் சொன்னார். “அவங்க அப்பா அம்மா எங்கே போனாங்க?” என்பதே அவள் கேட்ட ஒரே கேள்வி.

இறங்கும் நாளன்று அதிகாலையில் கோக்கர்ஸ் வாக் சென்றோம். 1872இல் மலைச்சரிவின் விளிம்பில் அமைத்த நடைபாதை. ஏறக்குறைய ஒரு கிலோ மீட்டர் நீளம். வானம் தெளிந்திருந்தால் கீழே சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். தாயார் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஆயுளெல்லாம் கீழேயிருந்து மேலே பார்த்தவர்.

“ஏப்பா, நம்ம வீடு எந்தப் பக்கம்?”

எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. குத்துமதிப்பாகக் கிழக்கே கை நீட்டினேன். அதற்குள் ஒரு மேகம் வந்து அந்தத் திசையை மறைத்துவிட்டது. மகன் அந்த மேகத்தையே சுட்டிக் காட்டி, “அதோ அப்பத்தா வீடு!” என்று கூவினான்.

“ஆமாடா, தெரியுது” என்றார் தாயார். பிறகு என் பக்கம் திரும்பி, “கொல்லைக் கதவைப் பூட்டிட்டுத்தானே வந்தோம்?” என்று கேட்டார்.