வீட்டுக்கு வெளியே ஒரு பள்ளி

கொல்லங்கோட்டில் நிற்பவர்க்குத் தெற்கே நெல்லியாம்பதி மலை மதிற்சுவர்போல் உயர்ந்து தோன்றும். மழைக்காலத்தில் அச்சுவரின்மீது வெள்ளிக் கோடுகளாய் அருவிகள் இழியும். 2012-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், பள்ளிக்குப் போக மறுத்த என் மகன், திண்ணையில் அமர்ந்து அந்த அருவிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். வயது பதினொன்று. அவனுக்குத் திக்குவாய். மலையாளப் பாடத்தைப் படிக்க எழுந்தால் முதற் சொல்லிலேயே நின்றுவிடுவான், வகுப்பு சிரிக்கும். பள்ளியை மாற்றியும் பயனில்லை. இனி வீட்டிலேயே படிக்கட்டும் என்று நானும் என் மனைவியும் துணிந்தோம்.

துணிவு என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது அச்சமே. "பிள்ளையைக் கெடுக்கிறாய்" என்று என் அத்தான் பொள்ளாச்சியிலிருந்து வந்து சொல்லிப்போனார். சட்டத்தைப் புரட்டினேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக் கல்வியைப் பற்றி வெளிப்படையாக எதுவும் பேசவில்லை. ஆயினும், படிப்பை இடையில் விட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்கிறது அதன் நான்காம் பிரிவு. திரும்பிச் செல்லும் கதவு அடைபடவில்லை என்றறிந்த அன்றுதான் எனக்கு உறக்கம் வந்தது.

முதல் ஆறு மாதம் நாங்கள் செய்தது பெருந்தவறு. கூடத்தில் கரும்பலகை மாட்டி, பாடவேளை வகுத்து, பள்ளியையே வீட்டுக்குள் கொண்டுவந்தோம். அவனைப் பார்த்துச் சிரிக்க அங்கே எவரும் இல்லை. அவனோடு பேசவும் எவரும் இல்லை. ஒருநாள் தபால்காரரிடம், "இ… இன்னும் கொஞ்சம் இருங்க" என்று அவன் கெஞ்சுவதை உள்ளிருந்து கேட்டேன். அன்று மாலையே அவனை வாயனசாலைக்கு அழைத்துச் சென்றேன்.

வெளியூர்களில் வாழும் நம்மவர்க்கு வாயனசாலையைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். 1945-இல் பி. என். பணிக்கர் திருவிதாங்கூரில் தொடங்கிய நூலகச் சங்கம், மாநிலம் அமைந்த பின்னர் கேரளம் முழுவதும் பரவியது. சிற்றூர்களிலும் நாளிதழும் நூல்களும் நாலு பேர் பேச்சும் உள்ள இடம் அது. எந்த வகுப்பு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கண் மங்கிய முதியவர் ஒருவர், நாளிதழைப் படித்துக் காட்டும்படி என் மகனிடம் சொன்னார். அவன் திக்கினான். "மெல்லெ மதி, மோனே" என்றார் அவர். மெதுவாகவே போதும் என்பது பொருள். முதற்பக்கம் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. மறுநாளும் அவனுக்காகக் காத்திருந்தார்.

மகாகவி பி. குஞ்ஞிராமன் நாயர் கொல்லங்கோட்டில் ஆசிரியராய் இருந்தவர். அவரிடம் தாம் பயின்றதை அம்முதியவர் பெருமையோடு சொல்லுவார். மகாகவியின் பாடல்களை இருவரும் சேர்ந்து இசையோடு சொல்லுவார்கள். பாடும்போதும் பிறரோடு சேர்ந்து படிக்கும்போதும் திக்கல் குறைவதுண்டு என்று பின்னர் அறிந்தேன். அம்முதியவருக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ!

பிறகு வழிகள் தாமே திறந்தன. பக்கத்திலுள்ள முதலமடையில் தை பிறக்குமுன்பே மாங்காய் சந்தைக்கு வரும். அங்கே கணக்கெழுதும் நண்பரின் அருகில் அமர்ந்து, எடை, கழிவு, விழுக்காடு எல்லாம் கற்றான். கரும்பலகையில் நான் கற்பித்ததைவிட அது நன்றாகப் பதிந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது! தமிழுக்கு, அயலகத் தமிழரை எண்ணித் தமிழக அரசு 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் பாடங்கள், எல்லைக்குச் சற்றே இப்பால் இருந்த எங்களுக்கும் உதவின.

தேர்வுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருந்தது. பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்கள், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள், தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். அவன் முதலில் மூன்று பாடங்களும், பின்னர் இரண்டும் எழுதி 2017-இல் தேறினான்.

அடுத்த ஆண்டு அம்முதியவர் காலமானார். வாயனசாலையில் இரங்கற் கூட்டம். பேசுவோர் வரிசையில் என் மகன் பெயரையும் சேர்த்திருந்தார்கள், எனக்குத் தெரியாது. எழுதிய தாளோடு எழுந்தவன் முதற் சொல்லிலேயே நின்றான். நான் தலைகுனிந்தேன். கூட்டம் ஓசையின்றிக் காத்திருந்தது. மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அவன் படிக்கத் தொடங்கினான், மெல்ல, மலையாளத்தில்.