கணப்பும் கரிச்சட்டியும்

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

உதகையின் குளிரைச் சமவெளியிலிருந்து வரும் விருந்தினர்கள் வியந்து பேசுவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கோ அது வியப்பன்று. ஆண்டுதோறும் தீர்க்க வேண்டிய ஒரு கணக்கு. மார்கழி, தை மாதங்களில் பள்ளத்தாக்குகளில் உறைபனி படிந்து, புல்வெளியெல்லாம் உப்புப் பூத்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். அந்த இரவுகளை எதைக் கொண்டு கடப்பது?

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ஆம் ஆண்டு இங்கே ஸ்டோன் ஹவுஸைக் கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயர்கள் தங்கள் பங்களாக்களில் சுவரோடு சேர்த்துக் கணப்பும் புகைபோக்கியும் கட்டிக்கொண்டார்கள். ஏவலாளர் வீடுகளுக்கு வாய்த்தது கரிச்சட்டிதான். என் தந்தையார் இருபது ஆண்டுகளாக ஒரு பங்களாவில் விருந்தினர்களுக்கு மாலைதோறும் கணப்பு மூட்டி வருபவர். வீடு திரும்பினால், அவருக்கும் பாட்டியின் கரிச்சட்டிதான் துணை.

அந்தச் சட்டியைக் கண்டு நான் அஞ்சத் தொடங்கியது கல்லூரிக்கு வந்த பிறகு. அடைத்த அறையில் கரி கனலும்போது, ஆக்சிஜன் போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்கிறது. உறங்குபவர் விழிப்பதே இல்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். புகையே இல்லாமலும் நெருப்பு கொல்லும் என்பதை வேதியியல் எனக்குக் கற்பித்தது. எழுபத்தெட்டு வயதுப் பாட்டி, சன்னலைச் சாத்திக்கொண்டு சட்டியைக் கட்டிலடியில் வைத்து உறங்குவதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஓட்டு வீடு, முன்பு ஒரு பங்களாக் கணக்கர் குடியிருந்தது. அங்கேயும் ஒரு சிறு கணப்பு உண்டு. ஆனால் திறந்த கணப்பு பெரும் செலவாளி. விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அறைக்குக் கிட்டும்; எஞ்சியது புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துச் செல்வதால், கதவிடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே நுழையும். முன்புறம் வெயில், முதுகுப்புறம் பனி!

இதற்கு மாற்று, கணப்பின் குழிக்குள்ளேயே பொருந்தும் இரும்பு அடுப்பு. ‘இன்செர்ட்’ என்பது அதன் பெயர். மூடும் கதவும், காற்றைக் கூட்டிக் குறைக்கும் அடைப்பும் அதற்கு உண்டு. உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு புகையை நேரே மேலேறவிடாமல் வளைத்து அனுப்பும். நல்ல அடுப்பு, விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அறைக்குத் தரும். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களிலேயே கணப்புக்கென ஓர் இரும்பு அடுப்பை அமைத்தார். காப்புரிமை அளிக்க முன்வந்தபோது வேண்டாமென மறுத்துவிட்டார்.

புதியது எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. பழைய இரும்புக் கடையொன்றில், இடித்த பங்களாவிலிருந்து வந்த இரண்டு அடுப்புகள் கிடந்தன. கணப்பின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு, தந்தையாருடன் சென்றேன். கணப்பின் பின்பக்கம் குறுகலாக இருக்கும்; எனவே பின்னகலத்தைத் தனியே அளக்க வேண்டும்.

ஒன்றில் பித்தளைக் கைப்பிடியும் கண்ணாடிக் கதவும் பளபளத்தன. மற்றது கரடுமுரடானது. தந்தையார் ஒரு ஸ்பேனரை எடுத்து இரண்டையும் பக்கம் பக்கமாகத் தட்டினார். அழகானது ஓரிடத்தில் மந்தமாக ஒலித்தது. “இதுல கீறல் இருக்கும்மா” என்றார். செங்கல்லை நகர்த்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்தகட்டில் மயிரிழை போல் ஒரு விரிசல்! நச்சுவாயு அறைக்குள் கசிய அதுவே போதும். மற்றதோ தட்டிய இடமெல்லாம் கணீரென்றது. துரு மேலோடுதான்.

அடுத்து, கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தேன். தடையின்றி வந்துவிட்டது, கதவைச் சுற்றியுள்ள கயிறு நைந்திருந்தது. பழங்கால அடுப்புகளில் இது கல்நார்க் கயிறாக இருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. உலர்ந்தபடி சுரண்டக் கூடாது. நன்றாக நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு எடுத்து, பையில் கட்டி அகற்றினோம். பிறகு கண்ணாடி இழைக் கயிறு ஒட்டினோம்.

கடைக்காரர் 7,000 ரூபாய் சொன்னார். “எடை போடுங்கண்ணா” என்றார் தந்தையார். 86 கிலோ இருந்தது. பழைய இரும்பு விலையில் தொடங்கிய பேரம் 4,500 ரூபாயில் முடிந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வந்த ஆயிரத்தில் நான் சேர்த்திருந்தது ஆறாயிரம். எஞ்சியதும், தந்தையார் தந்ததும் புகைக்குழாய்க்கு. பட்டறைக்காரர் துத்தநாகம் பூசிய குழாய் மலிவு என்றார். மிகுந்த சூட்டில் துத்தநாகம் ஆவியாகித் தீங்கு செய்யும் என்று சொல்லி, எவர்சில்வர் தகட்டிலேயே செய்து வாங்கினோம். வீட்டுக்காரரின் இசைவோடு புகைபோக்கியைத் துப்புரவு செய்தபோது, ஒரு கூடை நிறையக் கரியும் பறவைக் கூடும் வந்தன.

இப்போது முன்பு எரித்த விறகில் பாதியே போதும். ஆனால் சில விதிகள் உண்டு. ஈர விறகு ஆகாது. அதன் புகை குழாயில் தாராகப் படிந்து ஒருநாள் தீப்பற்றும். சீகையோ கற்பூர மரமோ, பிளந்து கூரையடியில் மாதக்கணக்கில் காய வேண்டும். ஆண்டுக்கொரு முறை குழாயைத் துடைக்க வேண்டும். சன்னலில் இரண்டு விரல் இடைவெளி எப்போதும் வேண்டும்.

விரிசல் ஏன் ஆபத்து என்பதை நான் படித்திருந்தேன். விரிசலின் ஓசையைத் தந்தையார் அறிந்திருந்தார். எழுத்தறியாத அந்தக் காது இல்லையேல் என் பாடநூல் பளபளப்பான அடுப்பைத்தான் வாங்கியிருக்கும். என் பாடநூல் இல்லையேல் கரிச்சட்டி இன்னும் கட்டிலடியில்தான் இருந்திருக்கும். மலைக் கிராமங்களிலிருந்து வரும் தோழர் தோழியரே, இன்றிரவு உங்கள் வீட்டில் சட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.